இடைஞ்சல் செய்யாத கருவி

டோக்கனை நனையாம வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அரவை மிஷின்ல ஐஸ் பார் மாட்டிக்கிச்சாம். சரி பண்ண முக்கால் மணி நேரமாவது ஆகும். உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஈரம். இந்த நாற்காலியில உக்காருங்க. மீனவர் சங்க ஆபீஸ் மாடியில மேனேஜரா இருந்தப்ப நான் உக்காந்த நாற்காலிதான். வரும்போது கையோட கொண்டாந்துட்டேன். சும்மா தூக்கிட்டு வரல. பதிவேட்டுல எழுதி, ஒப்படைச்சவர்னு ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்டவர்னு ஒரு கையெழுத்து, ரெண்டையும் நானே போட்டு முறைப்படி கொண்டாந்தேன்.

போன வருஷம் நீங்க லாரிப் பாஸ் வாங்க வந்தப்ப என்னை மாடியில பாத்தீங்கல்ல? அதான். வந்ததுல இருந்து பாக்குதேன், ஏதோ கேக்க வாரீங்க, கேக்காம விட்டுருதீங்க. கேக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. மேனேஜர் ஜெபமணி ஐஸ் டோக்கன் கிழிக்கிற இடத்துக்கு எப்படி வந்தாருன்னுதானே? நானே கேட்டு வாங்கினது அண்ணாச்சி. முழங்கால் வலி, படி ஏற முடியல. சங்கத் தீர்மானத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. எழுதினது நான்தான்.

ஊர்ல வேற மாதிரி சொல்லுவாங்க. சொல்லட்டும். நீங்க வெளியூர்க்காரரு, உங்ககிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

மாடியில ரெண்டு ரூம். ஒண்ணு எனக்கு. பக்கத்து ரூம் ஒயர்லெஸ் ரூம். நடுவுல வெறும் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒயர்லெஸ் செட் மாட்டியிருக்கும். மொட்டை மாடியில உயரமா ஒரு கம்பம், அதுல ஏரியல். கடலுக்குப் போன நம்ம சங்கத்துப் போட்டு அத்தனையும் அதுலதான் பேசும். எங்க வலை விட்டிருக்கோம், என்ன மீன்பாடு கிடைச்சிருக்கு, எத்தனை மணிக்குத் திரும்புதோம், எல்லாம். கரையில இருந்து கொஞ்ச தூரம் போயிட்டா செல்போன் எடுக்காது பாத்துக்கிடுங்க. அப்புறம் ஒயர்லெஸ்தான்.

அந்த ரூம்ல பிரகாசி இருந்தா. மரிய பிரகாசி. பதினோரு வருஷமா அந்த மைக்கைப் பிடிச்சிட்டு இருக்கா. பத்தாவதுதான் படிப்பு. ஆனா குரலைக் கேட்டே எந்தப் போட்டு, எந்த டிரைவர், சாப்பிட்டாரா இல்லையாங்கிற வரைக்கும் சொல்லிருவா. நல்லவதான். முதல்லயே சொல்லிருதேன், எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் கிடையாது. மூணு மெமோ கொடுத்திருக்கேன், அவ்வளவுதான்.

போன வருஷம் ஆவணியில புதுத் தலைவர் வந்தாரு, பெர்க்மான்ஸ். வந்த முதல் நாளே என் ரூமைச் சுத்திப் பாத்துட்டு, "என்ன சார், கம்ப்யூட்டர் மேசையா, வலை பின்னுற இடமா? ஒரே ஒயரா கிடக்கு"ன்னாரு. சிரிச்சிட்டுத்தான் சொன்னாரு. ஆனா எனக்குச் சுருக்குனு பட்டுருச்சு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என் மேசையைப் பத்தி ஒருத்தர் ஒரு சொல் சொன்னது கிடையாது.

அந்த வாரமே டவுனுக்குப் போனேன். ஒயர் இல்லாத கீபோர்டு, ஒயர் இல்லாத மவுஸ், ரெண்டும் ஒரே பெட்டியில. கம்ப்யூட்டரோட பின்பக்கத்துல விரல் நகம் அளவு ஒண்ணைச் சொருகணும், அது காத்து வழியாவே எல்லாத்தையும் வாங்கிக்கிடும். எனக்கு ஒரு யோசனை வந்துது. கம்ப்யூட்டர் பெட்டியை மூலையில ஒதுக்கிட்டு, சுவர்ல பெரிய ஸ்கிரீனை மாட்டிட்டு, நான் ஜன்னல் பக்கம் உக்காந்து அடிச்சா எப்படி இருக்கும்? கடைக்காரன் சொன்னான், "அவ்வளவு தூரம் எடுக்காது சார், இந்த பூஸ்டரைப் போடுங்க"ன்னு. சின்ன கறுப்புப் பெட்டி, கூடவே பதினஞ்சடி நீளத்துக்கு ஒரு ஒயர்.

ஆமா, ஒயர்தான். ஒயர் இல்லாத கீபோர்டுக்கு ஒயரான்னு நீங்களும் கேக்குதீங்க. பிரகாசியும் இதையேதான் கேட்டா. அது தெரியுற மாதிரியா போட்டேன்? பலகைத் தடுப்பு ஓரமா ஆணி அடிச்சு, மேல பட்டை ஒட்டி, கண்ணுக்கே தெரியாது. நாலு நாள் வேலை. தலைவர் வந்து பாத்துட்டு, "இப்பத்தான் சார் ஆபீஸ் மாதிரி இருக்கு"ன்னாரு.

மறுநாள் காலையில பிரகாசி வாசல்ல வந்து நிக்கா.

"சார், நீங்க கம்ப்யூட்டரைப் போட்டா என் செட் இரையுது. நீங்க எழுத்தை அமுக்குனா தவளை கத்துத மாதிரி கத்துது."

நான் பொறுமையாச் சொன்னேன், "அது கடல்ல வர்ற இரைச்சல்மா."

"பதினோரு வருஷமா கடல் இரைச்சல் கேக்குதேன் சார். இது வேற."

"அப்போ செல்போன் டவரா இருக்கும்."

"டவர் வந்து ஆறு வருஷமாச்சு. இது நேத்துல இருந்துதான்."

பாருங்க, ஒரு காரணம் சொன்னா ஏத்துக்கிடவே மாட்டா. நான் கீபோர்டு பெட்டியைக் கொண்டாந்து காட்டினேன். மேல தங்கக் கலர்ல ஒரு ஸ்டிக்கர், அரசாங்க அனுமதி நம்பர் போட்டு. சும்மா வாங்குற ஆள் இல்ல நான். உள்ள ஒரு சீட்டு வச்சிருந்தான், எட்டு மொழியில. தமிழ் இல்ல. இங்கிலீஷ்ல இருந்ததை பூதக்கண்ணாடி வச்சு வாசிச்சு, தமிழ்ல எழுதி, சுவர்லயே ஒட்டினேன். ரெண்டே விதி. ஒண்ணு, இந்தக் கருவி பிற கருவிகளுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ரெண்டு, தனக்கு வரும் எந்த இடைஞ்சலையும் இந்தக் கருவி ஏற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு தெளிவு பாருங்க. செய்யக் கூடாதுன்னு அச்சடிச்சே கொடுத்திருக்கான். கூடாதுன்னு அச்சடிச்ச பொருள் எப்படி அண்ணாச்சி செய்யும்?

அதையே அவகிட்ட கேட்டேன். அவ அந்த ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, "ஒரே ஒரு நாள் பழைய கீபோர்டுல அடிச்சுப் பாருங்களேன் சார்"ன்னா. பழையதைக் கழிவுப் பொருள் பட்டியல்ல ஏத்தியாச்சு. கழிச்ச பொருளைத் திரும்ப எடுத்து உபயோகிக்க விதியில இடம் கிடையாது. "எதுவா இருந்தாலும் எழுத்துல கொடும்மா. தேதி, மணி போட்டு எழுது. வாயால சொல்லுறதுக்கெல்லாம் ஆபீஸ்ல மதிப்பு கிடையாது"ன்னேன்.

நான் சொன்னது ஒரு புகார் எழுதிக் கொடுன்னு. அவ என்ன செஞ்சா தெரியுமா? நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, ஒவ்வொரு நாளும் எழுத ஆரம்பிச்சுட்டா. "காலை 9.50. சார் கம்ப்யூட்டரைப் போட்டார். இரைச்சல். 11.15. சார் டீ குடிக்கப் போனார். இரைச்சல் இல்லை. 11.40. சார் வந்தார். இரைச்சல்." நான் இடத்தை விட்டு எழுந்தா சுவிட்சை அணைச்சிட்டுத்தான் எழுவேன். சங்கத்துக் கரண்டு, வீணாக்கக் கூடாதுல்லா. அது அவளுக்கு வசதியாப் போச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு நோட்டைக் கொண்டாந்து மேசையில வச்சா. வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பெல்லாம் எரியுது. நான் எப்ப டீக்குப் போனேன், எப்ப திரும்பினேன், எத்தனை தடவை கைகழுவப் போனேன், அத்தனையும் நிமிஷக் கணக்கா எழுதி வச்சிருக்கா. மேனேஜரை ஒயர்லெஸ் ஆபரேட்டர் வேவு பாக்குறதா? முதல் மெமோ அதுக்குத்தான்.

ரெண்டாவது மெமோ வேற விஷயம். நோட்டை வாசிச்சப்பறம் நானும் கவனிக்க ஆரம்பிச்சேன். அவ மைக்கை அமுக்கிப் பேசும்போதெல்லாம் என் ஸ்கிரீன்ல அம்புக்குறி துள்ளுது அண்ணாச்சி! ஒரு நாள் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுதேன், அவ "சொல்லுங்க, ஓவர்"ங்கா, இங்க 'ம'னா பதினாறு தடவை விழுது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இடைஞ்சல் என் பக்கத்துல இருந்து போகல. அவ பக்கத்துல இருந்து வருது!

ரெண்டாவது விதி எனக்கு ஞாபகம் இருந்துது. வர்ற இடைஞ்சலை ஏத்துக்கிடணும்னு. ஆனா அது கருவிக்குப் போட்ட விதி. நான் கருவி இல்லையே, நான் எதுக்கு ஏத்துக்கிடணும்?

அதனால முறைப்படி போகலாம்னு முடிவு பண்ணினேன். ரேடியோ அலைகளைக் கண்காணிக்கன்னே அரசாங்கத்துல ஒரு ஆபீஸ் இருக்கு. யார் எந்த அலையில பேசலாம், எது எதுக்கு இடைஞ்சல் செய்யுதுன்னு பாக்குறவங்க. அவங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். எங்கள் அலுவலக ஒயர்லெஸ் செட், அனுமதி பெற்ற என் கீபோர்டுக்குத் தொடர்ந்து இடையூறு செய்கிறது, நேரில் வந்து ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டும்னு. பிரகாசி நோட்டையும் பிரதி எடுத்து ஆதாரமா இணைச்சேன். பதிவுத் தபால்ல அனுப்பினேன். வருவோம்னு பதில் வந்துது. இன்னைக்கு வரைக்கும் ஊர்ல ஒருத்தர் சொல்ல மாட்டாங்க, அந்த அதிகாரியை வரவழைச்சதே நான்தான்னு.

இப்ப அந்தப் புதன்கிழமைக்கு வாரேன். அதைத்தான் எல்லாரும் பெருசாப் பேசுதாங்க.

ஐப்பசி கடைசி. ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆண்டுக் கூட்டம், ஆண்டறிக்கை நான்தான் எழுதணும். காலையில இருந்தே காத்து ஒரு மாதிரி சுத்திச் சுத்தி அடிக்குது. பாதிப் போட்டு மத்தியானமே கரைக்கு வந்துட்டு. மிச்சம் கொஞ்சம் வெளிய. சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் பத்தாவது பக்கத்துல இருக்கேன். கடலில் உறுப்பினர்களின் பாதுகாப்புக்குச் சங்கம் எடுத்த நடவடிக்கைகள், அந்தப் பத்தி. நல்லா வருது. சில சமயம் அப்படித்தான், சொல்லு தானா வந்து விழும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரகாசி கத்துதா. "யாரு? யாரு பேசுதது? திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க, ஓவர்." ரெண்டு தடவை, மூணு தடவை. நான் காதுல வாங்கிக்கிடல. அவ வேலையே அதுதானே.

அப்புறம் மைக்கைக் கையில பிடிச்சபடியே அங்கிருந்து சத்தம் போடுதா.

"சார்! அமல்தாஸ் போட்டு. தண்ணி ஏறுதுன்னு காதுல விழுந்துது. எந்த இடம்னு சொல்லுறது கேக்க மாட்டேங்குது. ஒங்க மிஷினை அணைங்க!"

அமல்தாஸ் நம்ம சங்கத்து ஆளுதான், சொந்தப் போட்டு, டிரைவரும் அவரே. அவரோட சேத்து ஆறு பேர் அந்தப் போட்டுல. நான் மனுசன் இல்லையா? எனக்கும் பதட்டந்தான். ஆனா பதட்டத்துல முறையை விட்டுறக் கூடாது பாருங்க.

"பத்தாவது பக்கத்துல இருக்கேன்மா. இந்தப் பத்தியை முடிச்சிட்டு அணைக்கேன். அஞ்சு நிமிஷம். நீ திரும்பக் கேட்டுப் பாரு"ன்னேன்.

"சார், அவங்க பேட்டரி நனைஞ்சா அப்புறம் குரலே வராது சார்."

"சரிம்மா, சரிம்மா. முடியப் போகுது."

மூணு தடவை கேட்டேன்னு சொல்லுதா. எனக்கு ரெண்டு தடவைதான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் அவ நாற்காலி தள்ளுற சத்தம். வாசல் வழியா ஓடுதா. இவ எங்க போறான்னு பாக்கிறதுக்குள்ள, படிக்கட்டுத் திருப்பத்துல இருக்கே மெயின் சுவிட்சு, அதை இறக்கிட்டா. ஃபேன் நின்னுது, லைட்டு போச்சு, ஸ்கிரீன் போச்சு. என் பத்தாவது பக்கம் கண்ணு முன்னாடியே இருட்டாப் போச்சு.

கட்டடத்துல ஒரு சத்தம் இல்ல. அவ செட் மட்டும் பேட்டரியில ஓடுது. அதுல அமல்தாஸ் குரல் வந்துது. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே சுத்தமாக் கேட்டுச்சு. அடிப்பலகை விட்டிருச்சு, எஞ்சின் நின்னுபோச்சு, தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துட்டுன்னு சொல்லுதாரு. ஜி.பி.எஸ். நம்பரை ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்திச் சொல்லுதாரு. பின்னாடி யாரோ ஒருத்தர் ஜெபம் சொல்லுதது கூடக் கேட்டுச்சு. பிரகாசி காகிதம் தேடல, உள்ளங்கையிலேயே எழுதிக்கிட்டா. திருப்பி வாசிச்சா. "சரிதானா அண்ணே?"ன்னு கேட்டா. "சரிதான் தாயி"ன்னு ஒரு சத்தம். அதோட அந்தப் பக்கம் அடங்கிப்போச்சு. பேட்டரி முங்கிருச்சு போல.

அப்புறம் அவ ஒவ்வொரு போட்டா கூப்பிடுதா. கிளாரன்ஸ் போட்டு அந்த இடத்துக்கு நாலு மைல்ல இருந்துது. "நம்பரைக் குறிச்சுக்கிடுங்க, வலையை வெட்டி விட்டுட்டுப் போங்க"ங்கா. அடுத்தவன் வலையை வெட்டச் சொல்ல இவளுக்கு என்ன அதிகாரம்? அவரும் வெட்டிட்டுப் போனாரு. கீழ அதுக்குள்ள சனம் கூடிட்டு. அமல்தாஸ் சம்சாரம் படியில உக்காந்திருக்கா, அழல, முந்தானையை வாயில வச்சுக் கடிச்சிட்டு இருக்கா. ஐம்பது நிமிஷம் கழிச்சு கிளாரன்ஸ் குரல் வந்துது. "ஆறு பேரும் ஏறியாச்சு. போட்டு முங்கிருச்சு. ஆளு ஆறு பேரும் இருக்காங்க."

பிரகாசி மேசையில தலையை வச்சுப் படுத்துட்டா. மைக்கை அமுக்குன விரலை எடுக்கவே தெரியல, கீழ இருந்து வந்த பொம்பளைங்கதான் பிரிச்சு எடுத்தாங்க.

நான் போய் மெயின் சுவிட்சைப் போட்டேன். யாராவது போடணும்ல?

எனக்கும் சந்தோசந்தான் அண்ணாச்சி. ஆறு உசுரு. இல்லைங்கல. வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்ட முதல்ல அதைத்தான் சொன்னேன். அவ, "நீங்க ஏன் அணைக்கல?"ன்னு கேட்டா. பெண்களுக்கு ஆபீஸ் வேலை புரியாது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டப்ப அறிக்கையில ஏழு பக்கம்தான் வந்துது, மூணு பக்கம் போயே போச்சு. நான் சொல்லுறது ஒண்ணே ஒண்ணுதான். நல்ல காரியத்துக்குன்னாலும், ஒரு அலுவலகத்துல மெயின் சுவிட்சை யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் இறக்கலாம்னா அது என்ன அலுவலகம்? மறுநாள் காலையில மூணாவது மெமோ கொடுத்தேன். அனுமதியின்றி மின் இணைப்பைத் துண்டித்ததற்கு விளக்கம் கேட்டு.

பதில் ஒரே வரி. "ஆம், துண்டித்தேன். தேவைப்பட்டால் மறுபடியும் துண்டிப்பேன்." தேதி கூடப் போடல.

வெள்ளிக்கிழமை அந்தக் கண்காணிப்பு ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. தமயந்தி மேடம்னு ஒரு எஞ்சினியர், கூட ஒரு உதவியாளர். மேடம் கையில மீன் முள்ளு மாதிரி ஒரு ஏரியல், இன்னொரு கையில சின்ன ஸ்கிரீன் வச்ச ஒரு பெட்டி. நான் பூரிப்பா வரவேத்து, இளநி வாங்கிக் கொடுத்து, ஒயர்லெஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். "இதுதான் மேடம் அந்த செட்"ன்னு காட்டினேன். அவங்க முள்ளை செட் பக்கம் காட்டினாங்க. பெட்டி சும்மா இருந்துது. அப்படியே மெதுவாத் திருப்பினாங்க. தடுப்புப் பக்கம் வந்ததும் பெட்டி இரைய ஆரம்பிச்சுது. தடுப்பைச் சுத்தி என் ரூமுக்குள்ள வந்தாங்க. முள்ளு என்னையே காட்டுது. நான் மரியாதைக்கு எழுந்து ஒதுங்கி நின்னேன். முள்ளு என் கூட வரல, அந்த ஒயர் போட்ட பட்டையைத்தான் காட்டிட்டு நின்னுது. பட்டையைப் பிடிச்சே போயி பூஸ்டரைக் கையில எடுத்துட்டாங்க.

"இதுக்கு அனுமதியே கிடையாதே சார். ஒரு நம்பரும் இல்ல"ன்னாங்க.

நான் கீபோர்டு பெட்டி ஸ்டிக்கரைக் காட்டினேன். அவங்க அந்த நம்பரை போன்ல தட்டிப் பாத்துட்டு, போனை என் பக்கம் திருப்பினாங்க. அந்த நம்பர் ஏதோ ஒரு பொம்மை ஹெலிகாப்டருக்குக் கொடுத்ததாம்.

"அச்சடிச்ச ஸ்டிக்கர் மேடம். நான் எப்படி நம்பாம இருக்க முடியும்?"

"ஸ்டிக்கரை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம் சார். நம்பரைப் போட்டுப் பாத்தா அரை நிமிஷம். சரி, அதை விடுங்க. இங்க இருக்கிற செட் உசுரு காக்குற செட். அதுல இரைச்சல் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்திருந்தா முடிஞ்சுபோச்சே. நாங்க வரவே வேண்டியதில்லையே."

"முறைப்படி உங்களுக்குத் தெரிவிச்சேனே மேடம்."

"புகார் கொடுத்தது நீங்கதானா?"ன்னு என்னையே பாத்தாங்க. "பதினெட்டு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. தன் மேலேயே பதிவுத் தபால்ல புகார் அனுப்பின ஆளை இப்பத்தான் பாக்குதேன்."

பெரிய அதிகாரி. மனசுல பட்டதை வெளிப்படையாப் பாராட்டிச் சொல்லிட்டாங்க. அப்புறம் பிரகாசி நோட்டைக் கேட்டு வாங்கி, நின்னுகிட்டே கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சாங்க. "இது மாதிரி ஒரு குறிப்பு எங்க ஆளுங்களே எழுத மாட்டாங்கம்மா"ன்னு அவகிட்ட சொன்னாங்க. நான் உடனே, "எழுதச் சொன்னதே நான்தான் மேடம்"ன்னேன். உண்மைதானே? பிரகாசி ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டா.

பூஸ்டர், கீபோர்டு, மவுஸ் மூணையும் உறையில போட்டு ஒட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தக் கடையையும் போய் விசாரிப்போம்னாங்க. என்கிட்ட ஒரு தாளு கொடுத்து, இனிமே இது மாதிரி வாங்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கினாங்க. நான் கழிவுப் பட்டியல்ல இருந்து பழைய கீபோர்டைத் திரும்ப எடுக்கத் தலைவர்கிட்ட அனுமதி கேட்டு எழுதினேன். அதுக்கு இன்னும் பதில் வரல.

ஞாயித்துக்கிழமை கூட்டம். மண்டபம் கொள்ளாத சனம். வழக்கமா வராத பொம்பளைங்க கூட வந்திருந்தாங்க. நான் ஏழு பக்க அறிக்கையோட மேடையில உக்காந்திருக்கேன். தலைவர் எழுந்து, "அறிக்கை அப்புறம். முதல்ல இதை வாசிப்போம்"ன்னு பிரகாசி நோட்டைப் பிரிச்சாரு.

"சார் கம்ப்யூட்டரைப் போட்டார், இரைச்சல். சார் சாப்பிடப் போனார், இரைச்சல் இல்லை." முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. விசில் கூட அடிச்சாங்க. "சார் கைகழுவப் போனார்" வந்ததும் என் சம்சாரமே சிரிச்சுட்டா, பாத்தேன். அப்புறம் தலைவர் பக்கத்தைப் புரட்டி அந்தப் புதன்கிழமைக்கு வந்தாரு.

"4.10. அமல்தாஸ் போட்டு அழைப்பு. கேட்கவில்லை. சாரிடம் சொன்னேன். 4.13. கேட்கவில்லை. சாரிடம் சொன்னேன். 4.17. கேட்கவில்லை. சாரிடம் சொன்னேன். 4.19. மெயினை அணைத்தேன். கேட்டது."

அதோட நிறுத்திட்டாரு. மைக்குதான் போயிருச்சோன்னு நான் திரும்பிப் பாத்தேன். மைக்கு நல்லாத்தான் இருந்துது. கைப்பிள்ளை ஒண்ணு அழ ஆரம்பிச்சுது, அதைக் கூட வெளிய தூக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் எழுந்து விளக்கம் சொல்லலாம்னு பாத்தேன். சீட்டைக் காட்டலாம், விதியைக் காட்டலாம், ரசீது கூட பையில இருந்துது. ஆனா தலைவர் என் தோள்ல கையை வச்சு, "இருங்க சார்"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அந்தக் கை ரொம்ப நேரம் தோள்லயே இருந்துது.

அன்னைக்கே தீர்மானம். ஒயர்லெஸ் ரூமுக்குப் பிரகாசிதான் முழுப் பொறுப்பு. கட்டடத்துக்குள்ள எந்தக் கருவி வந்தாலும், பல்பு வாங்கினாக் கூட, அவ செட்டுப் பக்கத்துல வச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் மாட்டணும். மெயின் சுவிட்சுக்கு ஒரு சாவி, அதுவும் அவ கையில. மேனேஜருக்கு முழங்கால் வலி. ஐஸ் ரூம் தரையோட தரையா இருக்கு, படி கிடையாது. எனக்கு வலி உண்டுதான், பொய் இல்ல. ஆனா அதுக்கு முன்ன யாரும் என் முழங்காலைப் பத்திக் கேட்டது கிடையாது.

இங்க நிம்மதிதான் அண்ணாச்சி. கம்ப்யூட்டரும் இல்ல, கீபோர்டும் இல்ல. டோக்கன் புத்தகம், பேனா. பிரகாசி எப்பவாவது இந்தப் பக்கம் போனா, "சார், டீ குடிச்சீங்களா?"ன்னு கேப்பா. எத்தனை மணிக்குன்னு மனசுக்குள்ள குறிச்சுக்கிடுவாளோ என்னமோ.

அமல்தாஸா? இருக்காரு, இருக்காரு. சொந்தப் போட்டு போயிருச்சுல்லா, இப்ப கிளாரன்ஸ் போட்டுலதான் போறாரு. தை மாசம் ஒரு நாள் காலையில ஐஸ் எடுக்க வந்தாரு. சம்பவத்துக்கப்புறம் நானும் அவரும் நேருக்கு நேரா பாத்தது அன்னைக்குத்தான். டோக்கனைக் கொடுத்தேன். வாங்கிட்டுப் போகாம, இந்தக் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்காரு.

"என்ன தம்பி?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல சார். அன்னைக்கு நாங்க பேசுனதுதான் ஒங்களுக்குக் கேக்கல. ஒங்க பக்கம் பேசுனது எல்லாம் எங்களுக்குக் கேட்டுச்சு சார். பிரகாசி மைக்கை அமுக்கிப் பிடிச்சபடியே ஒங்களைக் கூப்பிட்டுச்சுல்லா. நீங்க சொன்ன பதிலும் வந்துச்சு. ஆறு பேரும் கேபினுக்குள்ள நின்னு கேட்டுட்டு இருந்தோம்."

தண்ணி குடிச்சீங்களா, ஐஸ் எத்தனை பார் வேணும்னு என்னத்தையோ கேட்டேன். புத்தகத்துல நம்பரை மாத்தி எழுதிட்டேன். இத்தனை நாள்ல நான் அடிச்சுத் திருத்தினது அந்த ஒரு டோக்கன்தான்.

அவரு அதையெல்லாம் கவனிக்கல. என் முகத்தையே பாத்துட்டு, கொஞ்சங் கூடச் சத்தத்தை உயர்த்தாம ஒண்ணு கேட்டாரு.

"அந்தப் பத்தாவது பக்கம் முடிஞ்சுதா சார்?"

முடியல தம்பி, அப்படியே நின்னுபோச்சுன்னேன். "சரி சார்"னு சொல்லிட்டு ஐஸை எடுத்துட்டுப் போயிட்டாரு.

மரியாதை தெரிஞ்ச ஆளு அண்ணாச்சி. கூட்டத்துக்கு அத்தனை சனம் வந்துது. தலைவர் இருந்தாரு, அதிகாரி வந்தாங்க, வீட்டுலயும் சம்சாரம் இருக்கா. நான் எழுதினது என்ன ஆச்சுன்னு யாராவது ஒருத்தர் கேக்கணுமே? அவரு ஒருத்தர்தான் கேட்டாரு.